உள்ளறைக்குப் போய்வந்த சாட்சி

1

போன ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் ஒரு நிக்காஹுக்குச் சாட்சியாகப் போனேன். சாப்பிடாமல் அறைக்குத் திரும்பினேன். பிரியாணி அருமை என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில்கூடப் பேசிக்கொண்டார்கள்.

பெண்ணின் தகப்பனார் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். காங்கேயத்திலிருந்து ஜப்பான் சண்டைக்கு முன்பே கப்பலேறி வந்து சூலியா தெருவில் ஜவுளிக்கடை போட்டவர். எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் மட்டும் காங்கேயம் கரையாமல் இருக்கிறது. இங்கே மார்க்கக் கல்வி சொல்லிக்கொடுக்கிறவர்களை 'உஸ்தாஸ்' என்பார்கள். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் முன்னால் ஒரு 'ஏனுங்க' ஒட்டிக்கொண்டே வரும்.

"ஏனுங்க உஸ்தாஸ், சாட்சிக்கு ரெண்டு பேரு வேணுமாமுங்க. ஒண்ணு எங்க மச்சினன். இன்னொண்ணு நீங்க இருந்தாத் தேவலை. நம்மூருக் கை ஒண்ணு அந்தப் பாரத்துல உழுகட்டும்னு பாக்கறேன்."

மறுக்க முடியவில்லை. வாடகை கேட்டு ஒருநாளும் கதவைத் தட்டாத மனிதர்.

இங்கே நிக்காஹ் என்றால் காஜியார் அலுவலகத்திலிருந்து ஒரு கிளார்க் பையோடு வருவார். பையிலிருந்து படிவம் வரும். ஒன்றல்ல, நான்கு பிரதி. பெண் நாலிலும் கையெழுத்துப் போட வேண்டும். நூர்ஜஹான் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்ட். நாலு தாளையும் ஆபீஸ் தாள்கள் போலத் தட்டி அடுக்கி, மளமளவென்று கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். கிளார்க் மலாயில் கேட்டார். அவளும் மலாயில் பதில் சொன்னாள். வேலை முடிந்தது. எல்லாரும் எழுந்தார்கள். நான் எழவில்லை.

"அம்மணி, எனக்குக் கேக்கற மாதிரி தமிழ்ல ஒருக்காச் சொல்லும்மா. உனக்குச் சம்மதமா?"

"அல்லா! சம்மதம், சம்மதம், சம்மதம். பாரத்துலயும் போட்டாச்சு, வாயாலயும் சொல்லியாச்சு. இன்னும் என்ன உஸ்தாஸ், பாட்டா பாடணும்? போய்ச் சாப்பிடுங்க."

அறையே சிரித்தது. அவளுடைய அத்தை தலையில் ஒரு குட்டு வைத்தார். வீட்டுக்காரர் வெளியே வந்ததும் என் காதைக் கடித்தார்: "பாத்தீங்களா வாயை? எல்லாம் இந்த ஊருத் தண்ணி. நம்மூருப் புள்ளைன்னா இப்பிடிப் பேசுமா?"

பேசாதுங்க என்று சொல்லிவிட்டு, பந்திக்குப் போகாமல் செருப்பைத் தேடினேன்.

ஏனென்றால் நம்மூர்ப் பெண் ஒருத்தி பேசினாள். பேசியது என் தங்கை. எனக்கு அது தெரியவந்து ஆறு வாரம்தான் ஆகிறது. அவள் பேசி இந்த மாதத்தோடு மூன்று வருஷம்.

2

இந்தப் பத்திரிகையில் நான் இதுவரை எழுதியதெல்லாம் பினாங்கு மலை ரயில், தைப்பூசக் கூட்டம், கடற்கரைச் சாப்பாடு என்று சுற்றிப் பார்க்கிறவனின் சமாசாரம். கோயமுத்தூரில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எழுதியதே இல்லை. இப்போது எழுதுகிறேன்.

எங்கள் வீடு இருந்த கோட்டைமேட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. அதில் நாங்கள் இரண்டு பேர் தீனியாத் ஆசிரியர்கள். மார்க்கப் பாடம். கீழ் வகுப்புகள் எனக்கு. நாலாவது பாரம் முதல் ஆறாவது பாரம் வரை, அதாவது மேல் வகுப்புகள், ஹபீபுக்கு. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். ஆனால் 'வாடா போடா' என்றுதான் பழக்கம்.

தீனியாத் பாடத்துக்குப் பரீட்சை கிடையாது. மார்க் இல்லை. இன்ஸ்பெக்டர் வந்தால் அந்தப் பீரியடை மட்டும் எட்டிப் பார்க்க மாட்டார். கால அட்டவணையில் மீந்துபோன இடத்தில் எங்களைச் சொருகியிருப்பார்கள்: கடைசிப் பீரியடு, மில் சங்கு ஊதும் நேரம், பையன்கள் பாதி பேர் டெஸ்க்கில் கவிழ்ந்து கிடப்பார்கள். மற்ற வாத்தியார்களுக்கு நாங்கள் இளக்காரம். "என்னப்பா, சொர்க்கத்துக்கு எத்தனை பேரு பாஸு?" என்று கணக்கு வாத்தியார் கேட்பார்.

ஹபீப்தான் அதைத் திருப்பிப் போட்டவன். உக்கடத்துக் கடையில் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான்: "மார்க் இல்லாத பாடம்னு அழுகாதே. மார்க் இல்லைன்னா மேல இருந்து கேக்கறதுக்கும் ஆளு இல்லை. இந்த ஸ்கூல்லயே நம்ம ரெண்டு பேருதாண்டா இஷ்டத்துக்கு நடத்தலாம். இந்தப் பசங்க நாளைக்கு மாப்பிள்ளை, அதுக்கப்புறம் தகப்பன், அதுக்கப்புறம் ஜமாத்துல பெரிய மனுசன். இப்பப் புடிச்சாத்தான் உண்டு."

எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இருபத்து மூன்று வயது. ஊரை மாற்ற ஒரு வழி கிடைத்துவிட்டது. அதற்குத் தேவை ஒரு கரும்பலகையும் கடைசிப் பீரியடும்தான்.

அப்படிப் பிறந்ததுதான் சாட்சிப் பாடம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை பந்தலில் இருப்பார், பெண் உள்ளறையில் இருப்பாள். பெண் சார்பில் ஒரு பெரியவரும் இரண்டு சாட்சிகளும் உள்ளே போய், இன்னாரை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டு வர வேண்டும். வயது வந்த பெண்ணைக் கேளாமல் நிக்காஹ் இல்லை, அது சட்டம். நடப்பு வேறு. உள்ளே போவார்கள், பெரியவர் முணுமுணுப்பார், பெண்ணைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருத்தர் "சம்மதம்தானுங்க" என்பார், திரும்பி வருவார்கள். அழுதாலும் சம்மதம், சிரித்தாலும் சம்மதம், சும்மா இருந்தாலும் சம்மதம்.

ஹபீப் வகுப்பில் அதை நாடகமாகவே நடத்துவான். பெஞ்சுகள் பந்தல், வராந்தா உள்ளறை. ஒருத்தன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெண்ணாக உட்காருவான். இரண்டு பேர் சாட்சி. பாடத்தின் விதி ஒன்றே ஒன்று: பெண்ணின் வாயிலிருந்து வந்ததை உன் காதால் கேட்காமல் வெளியே வந்து வாய் திறக்காதே. தூங்குகிற பையனே கிடையாது. ஒருமுறை நாலாவது பாரத்துப் பெண் மீசை தடவிக்கொண்டே சம்மதம் சொன்னான்.

இரண்டே வருஷத்தில் அது வகுப்பை விட்டு வெளியே போனது. எங்கள் பழைய மாணவன் ஒருவன் கரும்புக்கடை வட்டாரத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சாட்சியாகப் போனவன், உள்ளறையில் கையைக் கட்டிக்கொண்டு, "எனக்குக் கேக்கலீங்க" என்று நின்றுவிட்டான். பெண் வாயைத் திறக்கும்வரை நகரவில்லை. பந்தலில் பெரியவர்கள் குதித்தார்கள். மறுநாள் பள்ளிக் கமிட்டிச் செயலாளர் எங்களைக் கூப்பிட்டு, "பாரம் படிச்ச பசங்களை உட்டுப் பொண்ணுங்களை வாயாட வெக்கறீங்களாமே" என்றார். உள்ளே ஏச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்து இருவரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். நாடகம் நடந்த ஒரு நாளில் பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "சார், அந்தப் புள்ளை வேண்டாம்னு சொல்லிப்போட்டா? அப்ப நாங்க வெளிய வந்து என்ன சொல்லோணும்?"

வகுப்பு சிரித்தது. ஹபீப், "அதெல்லாம் எந்தப் புள்ளையும் சொல்லாதுப்பா. நீ மொதல்ல கேட்டுட்டு வா" என்றான். வாசலில் நின்றிருந்த நானும் சிரித்தேன்.

3

இங்கே என் நாள் இப்படிப் போகும். காலையில் சைக்கிள். ஒரு பெரிய இடைநிலைப் பள்ளியில் வாரத்தில் சில பீரியடுகள், பிறகு இன்னொரு பள்ளி. பாடத்தை மலாயில் தொடங்குவேன், பாதியில் என் மலாய் தீர்ந்துபோகும். மீதியைத் தமிழில் சொல்வேன். தமிழ்ப் பிள்ளைகள் அதை மலாய்க்காரப் பிள்ளைகளுக்கு மாற்றிச் சொல்வார்கள். என்ன சொல்கிறார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

வருஷத்துக்கு ஒருமுறை இங்கே தங்குவதற்கான பாஸ் புதுப்பிக்கக் குடிநுழைவு அலுவலகம் போக வேண்டும். 'தொழில்' என்ற இடத்தில் மார்க்க ஆசிரியர் என்று எழுதியிருந்தேன். அங்கிருந்த சீனக் கிளார்க் பெண்மணி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீ சாமியாரா, வாத்தியாரா? சாமியாருக்கு வேற ஜன்னல்." வாத்தியார் என்றேன். "அப்படின்னா பரீட்சை வைக்கிறாயா?" இல்லை என்றேன். "பரீட்சை வைக்காத வாத்தியாரா?" என்று ஒரு பார்வை பார்த்து, அழுத்தமாக முத்திரை குத்தினார். கணக்கு வாத்தியாரின் நினைப்பு வந்தது.

வீட்டுக்காரரின் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். கடைசிப் பையன் 'அம்மா' என்று எழுதப் பழகுவதற்குள் மூன்று முறை தண்ணீர் குடிக்கப் போவான். நூர்ஜஹானுக்குத் தமிழ் பேச மட்டும் வரும். "புள்ளைங்க கையை உட்டுப் போகுதுங்க உஸ்தாஸ்" என்று அவர் கடையை மூடிவிட்டு வந்து தினமும் புலம்புவார். நானும் கூடவே தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்தத் தலையாட்டல் எனக்கு வரமாட்டேன் என்கிறது. கையை விட்டுப் போன பிள்ளைதான் வாய் விட்டுச் சம்மதம் சொன்னது. கைக்குள்ளேயே வளர்த்த பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்தோம்?

4

ஜமீலா என்னைவிட எட்டு வயது சின்னவள். எங்கள் தெருவில் ஆறாவது பாரம் வரை போன முதல் பெண். அதில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பெருமை உண்டு, பயமும் உண்டு. பள்ளி இறுதிப் பரீட்சை எழுதி, ஆசிரியர் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் நினைப்பு. சேருவதற்கான விண்ணப்பத்தைக்கூட வாங்கி, பூகோளப் புத்தகத்துக்குள் வைத்திருந்தாள்.

பரீட்சைக்கு ஏழு வாரம் இருக்கும்போது கிணத்துக்கடவிலிருந்து சம்பந்தம் வந்தது. தென்னந்தோப்பு, கொப்பரை வியாபாரம், நல்ல மனிதர்கள். மாப்பிள்ளை கெட்டபழக்கம் எதுவும் இல்லாதவர், பத்திரிகை படிக்கிறவர். இன்றைக்கும் அவரைப்பற்றி ஒரு குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் நல்லவராக இருந்தது எல்லாருக்கும் வசதியாகப் போயிற்று. மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் எங்கள் பள்ளிக் கமிட்டிச் செயலாளர். அத்தா ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டு, பரீட்சைக்கு முன்பே நாளும் குறித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஜமீலா கொல்லைப்புறம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் போனேன்.

"அண்ணா, எனக்கு இப்ப வேண்டாம். பரீட்சை எழுதிப்போட்டு அப்புறம் பாக்கலாம்னு அத்தாகிட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாரு."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பார். இரண்டு நாள் பேசமாட்டார், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவார், பிறகு கேட்பார். அப்போதே உள்ளே போய்ச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இப்பச் சொன்னா ஊட்டுக்குள்ளயே அமுக்கிருவாங்க கண்ணு. நிக்காஹ் அன்னிக்குச் சாட்சி வந்து கேக்கும்ல, அப்பச் சொல்லு. ஹபீபையே சாட்சியா அனுப்பறேன். நீ வேண்டாம்னு சொன்னா, சட்டப்படி யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. ஊரே பாக்கட்டும்."

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "அவ்வளவு பேருக்கு முன்னாலயாண்ணா?"

"நீ யாருக்கும் முன்னால வரவேண்டாம். ஊட்டுக்குள்ள உக்காந்து சொன்னாப் போதும். மீதியை ஹபீப் பாத்துக்குவான்."

ஹபீபிடமும் விவரம் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்து, "நான் பாத்துக்கறேண்டா" என்றான். எனக்குள் ஒரு குதூகலம் இருந்தது, மறைக்க விரும்பவில்லை. கோயமுத்தூர் ஜில்லாவில் முதல் தடவையாக ஒரு பெண் தன் வாயால் மறுக்கப் போகிறாள், சட்டம் அவள் பின்னால் நிற்கப் போகிறது, அந்தச் சட்டத்தைப் பாடமாக நடத்தியவர்கள் நாங்கள். அவள் என் தங்கை என்பது அந்தக் குதூகலத்துக்கு இன்னும் கொஞ்சம் மெருகு. என்ன மாதிரி முட்டாள் என்று இப்போது தெரிகிறது. பாடத்துக்கு ஓர் உதாரணம் கிடைத்த வாத்தியாரின் முட்டாள்தனம்.

கல்யாணத்தன்று பந்தலில் நானூறு பேர் இருப்பார்கள். வாசல் பந்தலிலிருந்து உள்ளறைக்கு நடந்தால் பதினெட்டு எட்டு; சின்ன வயதில் வாசலிலிருந்து நான் எண்ணியது. அத்தாவின் அண்ணன், பெரியத்தா, பெண் சார்பில் முன்னால் போக, ஹபீபும் மாப்பிள்ளை வீட்டுச் சாட்சி ஒருவரும் பின்னால் போனார்கள். நான் பந்தல் கால் பக்கத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் ஆயிற்று, வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஆயிற்று. திரும்பி வந்தார்கள். இமாம் கேட்டார். மற்ற சாட்சி தலையை ஆட்டினார். ஹபீப் என்னைப் பார்க்காமல், தெளிவான குரலில் சொன்னான்:

"பொண்ணு சம்மதம் சொல்லிச்சுங்க. நானே காதால கேட்டேன்."

எனக்கு எப்படி இருந்தது என்றால், பொய் சொல்லமாட்டேன், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கடைசி நேரத்தில் ஜமீலா மனம் மாறிவிட்டாள், அல்லது பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள்மேல் கோபம்கூட வந்தது.

பிறகு ஜமாத் பதிவுப் புத்தகம் கையெழுத்துக்காக உள்ளே போய் வந்தது. மணமகள் என்ற இடத்தில் ஒரு பெருவிரல் ரேகை இருந்தது. ஆறாவது பாரம் படிக்கிற பெண்ணுக்கு ரேகை. பெரியம்மாவிடம் கேட்டேன். "கையெல்லாம் மருதாணி கண்ணு, பேனா புடிக்க வருமா? அதான் ஒரு ரேகையை வெச்சு அனுப்பிச்சோம்" என்றார். சரி என்று புத்தகத்தை மூடிக் கொடுத்தேன். மருதாணி முந்தின நாள் இட்டது. அன்று காலையில் அதே கையால் அவள் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்திருந்தாள். எல்லாம் தெரிந்துதான் மூடினேன்.

அடுத்த மூன்றாம் மாதம் பினாங்கில் வேலை கிடைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். வழியனுப்ப ரயிலடி வரை வந்தவன் ஹபீப் ஒருவன்தான்.

5

ஆறு வாரத்துக்கு முன் ஜமீலாவின் கடிதம் வந்தது. முதல் பிரசவத்துக்குக் கோட்டைமேட்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாமியார் வீட்டில் கடிதம் எழுதினால் ஒட்டுவதற்கு முன் நாலு பேர் படிப்பார்கள். இதை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தானே பெட்டியில் போட்டாளாம்.

நான் ஊரை விட்டு வந்தபிறகு, ஹபீப் சாட்சிப் பாடத்தைக் குறிப்பாக எழுதி, சைக்ளோஸ்டைல் அடித்து, சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறான். தயாரித்தவர்கள் என்று அவன் பெயரும் என் பெயரும். அதில் ஒரு பிரதி பொள்ளாச்சியில் மாப்பிள்ளை கையில் கிடைத்திருக்கிறது. "பாரு, உங்கண்ணன் பேரு போட்டிருக்கு" என்று பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜமீலாவை உட்காரவைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"அண்ணா, நான் சொன்னேன். ரெண்டு தரம் சொன்னேன். மொதல்ல பெரியத்தா கேட்டப்ப மெதுவா வேண்டாம்னு சொன்னேன். பெரியம்மா என் தோளை அமுக்கினாங்க. அப்புறம் ஹபீப் அண்ணன் கிட்ட வந்து, தங்கச்சி சத்தமாச் சொல்லும்மான்னாரு. வேண்டாமுங்கன்னு சத்தமாவே சொன்னேன். என் மொகத்தையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் சரி போலாமுங்கன்னு மத்தவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டாரு. மூணாவது தரம் சொல்றதுக்கு எனக்கு வாய் வரலை. நீங்க அனுப்பின ஆளே போயிட்டா நான் யாருகிட்டச் சொல்றது?

"ரேகையை நீங்க பாத்தீங்கன்னு பெரியம்மா சொன்னாங்க. அதுலயே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டீங்கன்னு மூணு வருசமா நெனச்சுட்டிருக்கேன். இப்பப் பாடத்துல உங்க பேரைப் பாத்ததும் சந்தேகம் வந்துபோச்சு. தெரிஞ்சா பேரு போட்டீங்க, தெரியாமயா? அதைக் கேக்கத்தான் இந்தக் கடிதாசி.

"அவரு நல்லவரு. அவருக்கு இது தெரியாது. அவருகிட்டயும் பொய்தான் சொல்லியிருக்காங்க. அவரு வாசிச்சுட்டு, நல்ல பாடமில்லையான்னு என்னைக் கேட்டாரு. நல்ல பாடமுங்கன்னு சொன்னேன்."

6

ஹபீபுக்கு அன்றைக்கே எழுதினேன். என்ன எழுதினேன் என்று இங்கே போட முடியாது; பத்திரிகை அச்சிடாது. பதில் வராது என்று நினைத்தேன். வந்தது. நாலு பக்கம், அவனுடைய அழகான கையெழுத்தில்.

"ஜமீலா சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று உன்னிடமும் பொய் சொல்லமாட்டேன். திரும்பி வருகையில், நீ எண்ணிச் சொன்ன அந்தப் பதினெட்டு எட்டில் யோசித்தேன். பந்தலில் உன் அத்தா எழுந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் செயலாளர். இந்தக் கல்யாணம் இன்றைக்கு நின்றால், நாளைக்குத் தீனியாத் பாடமே நிற்கும். பாரம் படித்தவர்கள் கல்யாணத்தைக் கலைக்கிறார்கள் என்று ஊர் முடிவுகட்டிவிடும். ஒரு பெண்ணா, இனி வரப்போகிற நூறு பெண்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல், என் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? இன்றைக்கு ஆறு பள்ளிகளில் இந்தப் பாடம் நடக்கிறது. சோமனூரிலிருந்துகூடக் குறிப்பு கேட்டு எழுதியிருக்கிறார்கள். சாட்சிகள் உண்மையாகவே கேட்டுவிட்டு வருகிறார்கள். தங்கச்சியும் நல்ல இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். எனக்கு நீ வேறு என்ன தண்டனை தருவாய்?"

இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். வியர்வையில் ஓரம் நைந்துவிட்டது. அவனை அயோக்கியன் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. அவன் பணம் வாங்கவில்லை, பதவி வாங்கவில்லை. எங்கள் லட்சியத்தைக் காப்பாற்றுவதற்காக என் தங்கையைக் கொடுத்துவிட்டான். அந்தப் பாடத்தை இன்றைக்கும் அதே குரலில் நடத்துகிறான். பையன்கள் அதே மாதிரி சிரிக்கிறார்கள். கரும்பலகைக்கு முன்னால் நின்று, "காதால் கேட்காமல் வாய் திறக்காதே" என்று அவன் சொல்லும்போது அவனுக்கு அந்த உள்ளறை நினைவுக்கு வருமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அதை மட்டும் அவன் எழுதவில்லை.

நூறு பெண்களுக்காக ஒரு பெண் என்று அவன் பதினெட்டு எட்டில் யோசித்தான். நான் அதைக் கொல்லைப்புறத்தில் துணிக்கொடிக்குப் பக்கத்திலேயே யோசித்து முடித்திருந்தேன். அவன் பாடத்தைக் காப்பாற்ற அவளைக் கைவிட்டான். நான் பாடத்தை நடத்திக் காட்டுவதற்காக அவளைக் காத்திருக்கச் சொன்னேன். அவன்மேல் இருக்கும் ஆத்திரம் இதனால் ஒரு இம்மியும் குறையவில்லை. துரோகம் துரோகம்தான். ஆனால் ராத்தல் ராத்தலாக நிறுத்தால் என் தட்டும் தாழ்கிறது.

பின்பெஞ்சுக்காரன் கேட்டதற்கு நாங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தோம். அவள் வேண்டாம் என்றால் அடுத்து என்ன என்பதற்கு எங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லை. பெயர் போட்டுக்கொண்ட இரண்டு வாத்தியார்களிடமும் இல்லை.

7

நீ மறுத்தது தெரியாமல்தான் என் பெயர் அந்தக் குறிப்பில் வந்தது என்று ஜமீலாவுக்கு எழுதினேன். உனக்கு இப்போது நான் என்ன செய்யட்டும் என்றும் கேட்டேன். போன வாரம் பதில் வந்தது. பிள்ளை பிறந்துவிட்டது, பெண். ஒரே பக்கம்.

"நான் வேண்டாம்னு சொன்னது அந்த ரூமோட செத்துப்போச்சு. அதை யாராச்சும் ஒருத்தர் வெளிய வந்து சொல்லோணும். அவருகிட்ட வாயால சொல்ல எனக்கு வரலை. நாலஞ்சு தரம் கிட்டப் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன். நீங்க எழுதற பத்திரிகையை அவரு ஒரு வரி உடாமப் படிப்பாரு. எழுதிப்போடுங்க. எங்க பேரை மாத்திக்குங்க, ஊரை மாத்த வேண்டாம்."

பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊரை மாற்றவில்லை. அத்தா இதைப் படித்தால் என் கடிதங்களை இனிப் பிரிக்கமாட்டார். செயலாளர் படித்தால் ஆறு பள்ளியிலும் பாடம் நின்றாலும் நிற்கும். ஹபீப் பயந்தது நடக்கட்டும். மூன்று வருஷம் பிந்தித்தான் இந்தச் சாட்சி உள்ளறையிலிருந்து வெளியே வருகிறது. வந்தபின் வாயை மூட முடியாது. என் தங்கை வேண்டாம் என்று சொன்னாள். இரண்டு முறை சொன்னாள். இரண்டாவது முறை சத்தமாகவே சொன்னாள்.

இனி எழுதப்போவது ஒருவருக்கு மட்டும்.

மச்சான், இந்த இடத்துக்கு வரும்போது நீங்கள் கொப்பரைக் களத்துக் கட்டிலில் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்களை ஏமாற்றியவர்களில் நானும் ஒருவன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும், அவள்மேல் வேண்டாம். அவள் ஒருத்திதான் அன்றைக்கு உண்மை பேசியவள். பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கோட்டைமேட்டு வீட்டுக்குப் போங்கள். போய், உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். அவள் முதல் முறை மெதுவாகத்தான் சொல்வாள். நகராமல் நில்லுங்கள்.

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. பரீட்சை என்பாளா, பிள்ளை என்பாளா, நீங்கள் என்பாளா, தெரியாது. தெரிந்தவன்போல ஒருமுறை நடந்துகொண்டதற்குத்தான் இத்தனை பக்கம். பதில் எதுவாக இருந்தாலும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் குறிப்பில் வரி இல்லை, மச்சான். அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.